இரண்டரை அடிக் கதவு

பனியனுக்குக் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடத் தெரிந்தவன் உலகத்தில் எதற்கும் காஸ்டிங் போட்டுவிடலாம் என்று நம்பியிருந்தேன். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், மேலே கொஞ்சம் வேஸ்டேஜ், கூட்டினால் பனியன். செங்கல், சிமெண்ட், மணல், டைல்ஸ், கூலி, மேலே கொஞ்சம் வேஸ்டேஜ், கூட்டினால் பாத்ரூம். இதில் பெரிய வித்தை என்ன இருக்கிறது? பனியன் கம்பெனியில் இருபது வருடம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு வந்த திமிர் அது.

பாத்ரூம் என் மனைவிக்கு. அவள் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஒருநாள் காலையில் அவர்கள் வேன் பல்லடம் ரோட்டில் கவிழ்ந்தது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒரு சக்கர நாற்காலியும் ஒரு தொகையும் கொடுத்துக் கம்பெனிக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கக்கூஸோ வீட்டுக்குப் பின்னால், படி இறங்கிப் போகிற இடத்தில். ஒவ்வொரு தடவையும் நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் நான் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அவள் தண்ணீரே குடிக்கமாட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டிப்போடுங்க. பெருசா வேண்டாம். நானே போகோணும், நானே வரோணும். அவ்வளவுதானுங்க."

"ஏம்புள்ள, நான் தூக்கறது புடிக்கலையா? சினிமா கதாநாயகனாட்டத் தூக்கறேன்."

"கதாநாயகனுக்கு இப்படி மூச்சு வாங்காதுங்க."

படுக்கையறைச் சுவரை உடைத்து, அதை ஒட்டிக் கட்டுவதென்று முடிவானது. அவளுக்கு வந்த தொகைக்குள் முடிக்கவேண்டும். கணக்குப் போட்டுவிட்டு மீசையை முறுக்கினேன். மறுநாள் மணல் லோடு விலையைக் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் முதல் தகவல் வயிற்றுக்குத்தான் போகும். சிமெண்ட் ஏறினால் ஒரு தடவை, கம்பி ஏறினால் ஒரு தடவை என்று அந்த மாதங்களில் பழைய கக்கூஸை அதிகம் உபயோகித்தவன் நான்தான்.

பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் விலையைக் குறைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? நீளத்தில் அரை இஞ்ச் எடுப்போம், துணியைக் கொஞ்சம் மெல்லிசாக்குவோம். இங்கும் அதையே செய்தேன். டைல்ஸை இடுப்பு உயரத்தோடு நிறுத்தினேன். மூன்றரை அடி மரக்கதவைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, கடையில் தயாராகக் கிடைக்கும் இரண்டரை அடி பிளாஸ்டிக் கதவை எழுதினேன்.

கொத்தனார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அண்ணாச்சி, நாற்காலி போயிருமா?" என்று கேட்டார்.

செக்கிங்கில் பனியனை மேசைமேல் விரித்து அளப்பதுபோல, காலியாக நின்ற நாற்காலியைச் சக்கரத்திலிருந்து சக்கரம் வரை அளந்தேன். கதவுச் சட்டம் போக, இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. "டாலரன்ஸ் இருக்குதுங்க, இடிக்காமப் போயிரும்," என்றேன்.

"அது என்னமோ, நீங்க சொன்னாச் சரி."

வேலை முடிந்த அன்று அவள் தலை சீவி, பூ வைத்துக்கொண்டாள். பாத்ரூமுக்குப் போக ஒருத்தி பூ வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "யாரும் பின்னால வரக்கூடாதுங்க," என்றாள். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். முன்சக்கரம் நுழைந்தது. அடுத்து, "ஐயோ!"

கையால் சக்கரத்தைத் தள்ளுகிறவளின் கை சக்கரத்துக்கு வெளியேதான் இருக்கும். அவள் இரண்டு கைகளும் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கி, விரல் மொட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கையை எடுத்துவிட்டு வேகத்தில் உருளலாமென்றால், தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க நானே சொல்லி வைத்த மேடு தடுத்தது. சட்டத்தைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் ஆடியது. பின்னாலிருந்து நான் தள்ளினேன். நாற்காலி அழகாக உள்ளே போயிற்று.

பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே, "உங்க காஸ்டிங்ல என் கையச் சேத்த மறந்துட்டீங்க," என்றாள்.

வாசலை அகலப்படுத்த ஒரு பக்கம் தூண், மறுபக்கம் தண்ணீர்க் குழாய். எல்லாவற்றையும் இடிக்கவேண்டும் என்றார் கொத்தனார். கையில் பணம் இல்லை. "தீபாவளி போனஸ்ல இடிச்சுப்போடலாம் புள்ள," என்றேன். அந்த வருடம் டாலர் விழுந்தது. ஷிப்டு குறைந்தது. போனஸ் என்று ஒரு ஸ்வீட் பெட்டி கொடுத்தார்கள். அடுத்த வருடம் என்றேன். "ஆகட்டுங்க," என்றாள்.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவள் பழையபடி தண்ணீர் குடிக்காமலே இருந்தாள். எனக்குத் தெரியும்; கேட்டால் சொம்பைக் காட்டுவாள். காலையில் நான் வைத்தபடியே சொம்பு நிறைய இருக்கும்.

அடுத்த தீபாவளி வருவதற்குள் சிறுநீரகத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கேயே இறந்துபோனாள்.

கதவு இன்றும் இரண்டரை அடிதான். அவள் அதை ஒரு தடவைகூடத் தனியாகத் தாண்டவில்லை.