பத்துக் கன்றும் ஒரு வேம்பும்

போர் போட ரிக் வண்டி உள்ளே வர வழியில்லை என்று வாசல் வேப்பமரத்தை வெட்டினோம். பதிலுக்குப் பத்துக் கன்று நட்டு வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் நகராட்சி அனுமதி தந்தது. "நட்டாப் போச்சு, போர்ல தண்ணிக்கா பஞ்சம்?" என்று சிரித்தவன் நான்தான்.

ஆயிரம் அடி போயும் புகைதான் வந்தது. தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதி கிளம்பினால் எங்கள் பக்கம் அதைப் புகை என்போம்.

இப்போது துணி அலசிய தண்ணீரைக் கன்றுகளுக்குச் சுமக்கிறேன். இன்று காலை அவை வாடிக் கிடந்ததைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. "எத்தனை ஊத்தினாலும் பத்தாது இதுகளுக்கு" என்று கத்திவிட்டேன்.

மனைவி மெதுவாகத்தான் கேட்டாள்: "ஏனுங்க, அந்த வேப்பமரம் ஒரு நாளாச்சும் நம்மகிட்ட தண்ணி கேட்டுச்சுங்களா?"