மைனஸ் ஏழில் ஒரு சூடான சக்கரம்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை 7.10. அமெரிக்காவின் டெக்ஸஸில், இர்விங்கிலிருந்து அமரில்லோவுக்குக் கிளம்பினோம். 365 மைல், ஆறு மணி நேரப் பயணம். என் மனைவி சுதாவின் அக்கா அங்கே டாக்டராக இருக்கிறார். பின் சீட்டில், வலது பக்கம், கார் சீட்டின் பட்டைகளுக்குள் எங்கள் நான்கு வயது மகள் நிலா. கார் அவளைவிட ஏழு வயது மூத்தது. சொன்ன பேச்சைக் கேட்பதில் இரண்டும் ஒன்றுதான்.

9.30, விச்சிட்டா ஃபால்ஸ். பெட்ரோல் நிரப்பிவிட்டு, அங்கேயே ஓரமாக நிறுத்தி, இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம். தரையெல்லாம் பாதி உருகிய பனிச் சகதி. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டிருந்தேன். இங்கே சமதரையில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆட்டோமேட்டிக் கியரை 'பார்க்'கில் தள்ளிவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் குன்னூர் மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவன். ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கினால் சட்டைப் பட்டன் போடாமல் வந்த மாதிரி இருக்கும்.

10.10க்கு லீவரை இறக்கினேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் பிரேக் விட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்?

வெர்னனைத் தாண்டும்போது ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறைந்தது. எதிர்க்காற்று என்று சொல்லிக்கொண்டேன். வடக்கு டெக்ஸஸ் காற்றின் மேல் எந்தப் பழியையும் போடலாம். க்வானா வருவதற்குள் டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு காலி. வழக்கமாக அதில் பாதிதான் ஆகும்.

"ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருது," என்றாள் சுதா.

"ஹீட்டர்ல டஸ்ட் இருக்கும்."

"டஸ்ட் இப்படி நாறாது. நிறுத்துங்க."

"சில்ட்ரஸ் இன்னும் இருபத்தஞ்சு மைல்தான். அங்க போய் செக் பண்ணலாம்."

11.35. வலது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின் சக்கரத்திலிருந்து சாம்பல் நிறப் புகை. நிலா உட்கார்ந்திருந்த பக்கம். சாலையோர ஷோல்டரில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். சக்கரத்தின் அருகே குனிந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து பார்த்தபோது, ஷூ போடாத நிலாவைத் தூக்கிக்கொண்டு சுதா முப்பதடி தள்ளி, புல்வெளியில் நின்றிருந்தாள். மைனஸ் ஏழு டிகிரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடு இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

"உள்ள போனா நெருப்பு பயம், வெளிய நின்னா குளிரு. இவள நான் எங்க வெச்சுக்கறது?" என்றாள்.

புகை அடங்கியதும் பாட்டில் தண்ணீரை, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல், நான்கு சக்கரங்களிலும் தெளித்துப் பார்த்தேன். மூன்றில் தண்ணீர் சும்மா வழிந்தது. வலது பின் சக்கரத்தில் மட்டும் சுர்ரென்று ஆவியாகிப் போனது. பிடித்த பிரேக் அங்கே விடவே இல்லை. எண்பது மைலுக்கும் மேல் அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

வைக்கோல் ஏற்றிய ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், முதலில் சுதாவையும் நிலாவையும் தன் கேபினில் ஏற்றி ஹீட்டரைக் கூட்டினார். சக்கரம் ஆறும் வரை காத்திருந்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார். இடது சக்கரம் ஒரு விரல் தள்ளலுக்கே சுற்றியது. வலது அசையவில்லை. படுத்து, பிரேக்கோடு ஹேண்ட்பிரேக் கேபிள் சேரும் இடத்தில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். பனிக்கட்டி உதிர்ந்தது, சக்கரம் சுற்றியது. இனி இந்தக் குளிரில் ஹேண்ட்பிரேக்கைத் தொடாதே என்று மட்டும் சொன்னார். சில்ட்ரஸ் வரை என் பின்னாலேயே வந்தார். சுதாவும் நிலாவும் அவர் வண்டியில்தான் வந்தார்கள்.

அங்கே மெக்கானிக் காட்டினார்: கேபிளின் மேலுறை கிழிந்து, அதற்குள் சகதித் தண்ணீர் புகுந்து உறைந்திருந்தது. 95 டாலர் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுத்தார்.

மாலை 5.20, அமரில்லோ. அக்கா நிலாவை மடியில் வைத்துக்கொண்டு, "ரொம்ப பயந்துட்டியாடா கண்ணா?" என்று கேட்டார்.

"அம்மா டுக் மீ அவுட்," என்றாள் நிலா. "அப்பா வென்ட் டு சீ த டயர்."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். சுதா என் பக்கம் திரும்பாமல் தட்டு எடுத்து வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஊர் ஃப்ரீவேயில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அந்தக் கார் சீட்டின் பக்கிளைக் கழற்றுவது எப்போதும் சுதாவின் வேலை.

திங்கட்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் நிலாவை உட்காரவைத்துப் பட்டைகளை மாட்டினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கையுறையோடு அழுத்த வரவில்லை. கழற்றிவிட்டு அழுத்தினேன், தோளிலிருந்து பட்டைகளை விலக்கி, அவளைத் தூக்கி வெளியே நிறுத்தினேன். மறுபடி உட்காரவைத்தேன்.

"ஆர் வீ கோயிங் ஆர் நாட், அப்பா?"

"போலாம்டா. இன்னும் ஒரே ஒரு தடவை."