மஸ்கட்டிலிருந்து நாற்பது ஓட்டு

புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் காலர் தைப்பவள் சபிதா. அங்கேயே வேலை பார்க்கும் எங்கள் ஐந்து பேர் பாப் குழுவில் பாடுகிறவளும் அவள்தான். எங்கள் பாட்டு உலகப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனதும், மூன்று நாள் கோவில்பட்டி முழுக்க அலைந்து ஓட்டுக் கேட்டோம். சொந்த நாட்டு ஓட்டு செல்லாது என்ற விதியைக் கடைசி நாளில்தான் படித்தோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளிநாட்டில் சபிதாவுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் ரூபஸ். மஸ்கட்டில் கட்டட வேலை. கேம்ப்பில் நாற்பது பேரோடு தங்கியிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "பாட்டை விடு, இல்ல என்னைய விடு" என்றான். அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு பேச்சே கிடையாது.

ஓட்டுப்போட ஒரு மணி நேரமே பாக்கி. மிஷினை நிறுத்திவிட்டு அவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"உங்க கால்ல விழுதேன். கேம்ப்ல எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லுங்க."

"நாப்பது பேரும் காலையிலயே போட்டாச்சு."

அவள் அழுதுவிட்டாள். "நெசமாவா?"

"ஆமாட்டி. வேற நாட்டுப் பாட்டுக்கு. நீ செயிச்சுட்டா வீட்டுக்கு வரமாட்டல்லா."