கறிவேப்பிலை மரத்தடியில் வானவில்

எங்கள் வீடு ஒரகடம் பக்கம். வாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரம் என்னைவிட உயரம். இந்தக் கோடையில் அதன் அடிமண் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. மேலே மரத்தூள் பரப்பினால் ஈரம் நிற்கும், மண்ணும் இளகும் என்று சொன்னார்கள். என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் மரப்பெட்டி செய்யப் பலகை அறுப்பார்கள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஒரு மூட்டைத் தூளோடு வந்தார்.

பாதியை அடிமரத்தைச் சுற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தேங்கிய தண்ணீரில் வானவில் தெரிந்தது.

"இன்னாங்க, இங்க வாங்க! தண்ணி மேல கலர் கலரா மெதக்குது!"

ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது. "ஐயையோ, மூட்ட மாறிப்போச்சு. மிஷின் லைன்ல ஆயில் கொட்னா மேல தூவிப் பெருக்குவாங்களே, அந்தத் தூளு இது!"

அந்த இலையைத்தான் தினமும் ரசத்தில் போடுகிறோம். உடனே தூளையும் எண்ணெய் ஊறிய மேல்மண்ணையும் வேர் அறுபடாமல் வழித்தெடுத்து, மூட்டை கட்டிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினோம். மக்கிய சாணம் கலந்த புது மண் போட்டு, தண்டை ஒட்டாமல் சருகு பரப்பினேன்.

இலையைப் பறிக்கப் பயந்து, வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு கேட்டு நின்றேன். மழைக்குப் பின் கொத்துக் கொத்தாய்த் துளிர் விட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

இப்போது எதையும் ஒரு பிடி தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் மண்ணில் சேர்ப்பதில்லை. போன வாரம் அவர் மறுபடி ஒரு மூட்டையோடு வந்தார். நான் வாய் திறப்பதற்குள், "மொதல்ல டம்ளர்ல தண்ணி கொண்டா" என்றார்.