“அப்ப யாரு செய்வாங்க, டொக்டர்?”

ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் கணவர் ஜோசப் அண்ணனின் அழைப்பு வந்தது. மாக்கையோடு போனை எடுத்தேன். “தங்கச்சி, பிலோமினா விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கோம். கொஞ்சம் வாங்க” என்றார். குண்டசாலையிலிருந்து த்ரீவீல் பிடித்துக் கண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. வத்தேகம பாடசாலையின் ஆசிரியர் அறையில் இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கண்டி மஹய்யாவயைச் சேர்ந்த பிலோமினா டீச்சர் இனி இல்லை.

எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அவரது குரலும் உருவமும் மறக்காது. மனைப்பொருளியல் பாடத்தில் பிள்ளைகள் கேக் செய்யும் நாளில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு துண்டு எடுப்பார். ஒன்று போதாதா என்று கேட்டால், “ஒன்னு புள்ளி போட. மத்தது புள்ளைங்க மனசு நோகாம இருக்க” என்பார். தன் பருமனைப் பற்றி அவர் வெட்கப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்படுபவளாக நான் இருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்குத்தான் என் கதை தெரியும். உடல் எடையைக் குறைக்க இந்தியாவுக்குப் போய் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள் நான். மெலிந்தேன், எல்லோரும் பார்த்து வியந்தார்கள். சில வருடங்களில் போன எடை திரும்பி வந்தது. அதைவிட மோசம், படுத்தால் சாப்பாடு நெருப்பாகத் தொண்டைக்கு ஏறியது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினேன். கஞ்சிகூட நிற்காத நாட்கள் இருந்தன. செய்த வைத்தியர் இந்தியாவை விட்டு எங்கோ போய்விட்டார். பழைய வேலையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும் என்று தெரிந்தது. செய்பவரைத்தான் காணவில்லை.

ஆசிரியர் அறையில் ஒருத்தி, “வாயக் கட்டத் தெரியாதவங்களுக்கு ரெண்டாவது தரமும் ஆபரேஷனா?” என்று என் காதில் விழவே கேட்டாள். டீச்சர் கடித்துக்கொண்டிருந்த மாலு பன்னைக் கீழே வைத்தார். “வாயக் கட்டாதவ நான். இவ ராத்திரி படுக்க முடியாம கஷ்டப்படுறா. ரெண்டும் ஒன்னுன்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சாந்தி, அடுத்த சனிக்கிழமைக்கு டொக்டர சனல் பண்ணி நம்பர் எடு. நானும் வர்றேன்” என்றார்.

முதல் வைத்தியரின் அறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாங்கள் இருவரும் உள்ளே போனதும் அவர் டீச்சரைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். எடை, சர்க்கரை, முழங்கால் என்று அவர் கேட்கக் கேட்க டீச்சரும் பவ்வியமாகப் பதில் சொன்னார். கடைசியில், “எல்லாம் சரி டொக்டர், நோயாளி இவங்க. நான் துணைக்கு வந்தது” என்றார். அந்த மனிதர் முகம் சிவந்துபோனது. அன்று வயிற்றெரிச்சலையும் மறந்து சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. “வேறொருவர் செய்ததில் நான் கை வைப்பதில்லை. உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும்” என்று சொல்லி அவர் என் கோப்பை மூடினார். நான் எழுந்துவிட்டேன். டீச்சர் எழவில்லை. “அப்ப யாரு செய்வாங்க, டொக்டர்?” தெரியாது என்றார் அவர். “யோசிச்சுச் சொல்லுங்க. நான் உக்காந்தா லேசுல எழும்ப மாட்டேன்” என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாயிற்று. தாதி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வைத்தியர் ஒரு பெயரைச் சொன்னார். அங்கே போனால் அவரும் மாட்டேன் என்றார், ஆனால் டீச்சரிடம் இன்னொரு பெயரைக் கொடுக்காமல் தப்ப முடியவில்லை. “இல்லன்னு சொல்றது அவங்க இஷ்டம். வெறுங்கையோட அனுப்புறதுக்கு நாம விடக்கூடாது” என்று பஸ்ஸில் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் அழுதுகொண்டு வந்தேன், அவர் வடை வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்படிப் பெயர் பெயராகப் போய்ச் சேர்ந்தவர்தான் கடைசி வைத்தியர், அதிகம் பேசாத ஒரு சிங்களவர். பழைய படங்களையெல்லாம் பார்த்தார். தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்க்க வேண்டும், ஆபத்து முதல் தடவையைவிட அதிகம், அதைத் தெரிந்துகொண்டு சம்மதித்தால் செய்கிறேன் என்றார். செய்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு அலைந்தோம்! நான் பேச வாயெடுக்க முன்னே டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியர் அவரையும் ஒரு பார்வை பார்த்து, உங்கள் இதயத்தையும் ஒருமுறை காட்டுங்கள் என்றார். “அதெல்லாம் கடவுள் முதல் தரமே சரியாத் தைச்சிட்டாரு, டொக்டர்” என்று தன் மஹய்யாவ சிங்களத்தில் சொன்னார். வைத்தியர்கூடச் சிரித்துவிட்டார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்குக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர்தான். டீச்சர் துணைக்கு இருந்தார். பகல் நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தவரிடம், “பொரிச்ச மீனா?” என்று கேட்டேன். “சே, வெளியில ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார். ஜெபமாலையில் வெங்காய வாசம் வந்தது. வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் ஒற்றைத் தலையணையில் நேராகப் படுத்து விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன்.

எனக்காக அத்தனை கதிரைகளில் அசையாமல் உட்கார்ந்தவர், தனக்காக ஒரு கதிரையில் உட்காரவில்லை. நாங்கள் சொல்லாமல் இல்லை. “லீவு விட்டதும் போவோம்” என்பார், லீவில் கேக் செய்வார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் எங்களை அழைத்து, எவ்வளவோ பார்த்தோம், முடியவில்லை என்றார். ஜோசப் அண்ணன் தலையசைத்துவிட்டு எழுந்தார். நான் எழவில்லை. “அப்ப யாரால முடியும், டொக்டர்?” என்று கேட்டேன். சொல்ல அவரிடம் ஒரு பெயரும் இல்லை. அண்ணன்தான் என் கையைப் பிடித்து எழுப்பினார்.

நேற்று மாத்தளையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் யாரிடமோ என் நம்பர் வாங்கிப் போனில் பேசினாள். எனக்கு வந்த அதே வருத்தம், படுத்தால் நெருப்பாகத் தொண்டைக்கு ஏறுவது. வைத்தியர் முடியாதென்று அனுப்பிவிட்டாராம். “வேற யாரு செய்வாங்கன்னு கேட்டீங்களா?” என்றேன். “இல்லீங்க, பேசாம எழும்பி வந்துட்டேன்” என்றாள். என்னைத் தேற்றிய வைத்தியரின் பெயரை உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

“சனிக்கிழமை திரும்ப சனல் பண்ணுங்க. நானும் வர்றேன்” என்றேன். இப்போது உடம்பில் நான் டீச்சரில் பாதிகூட இல்லை. என்றாலும், ஒரு பெயர் கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியும்.