அர்ச்சனையில் சொன்ன பெயர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் தபால்காரரின் சைக்கிள் நின்றது. அவர் கையிலிருந்த பழுப்பு உறையைத்தான் முதலில் பார்த்தேன்.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், கிடைத்த மறு வருடம் அது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை மறுக்கப்பட்டதாகக் கடிதம் சொன்னது. முறையீடு செய்ய அடுத்த திங்கள்வரை அவகாசம். உதவித்தொகை இல்லாமல் நான் போக வழியில்லை.

காரணம் எங்கள் விண்ணப்பத்திலேயே இருந்தது. தந்தை உயிரோடு இருக்கிறார் என்று அம்மா எழுதச் சொன்னார். சம்பளக் கட்டம் காலி. ஜப்பான்காரர்கள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனபோது எனக்கு நான்கு வயது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

கல்வி அலுவலக எழுத்தரான கிராணி கறாராகச் சொன்னார். "சம்பளச் சீட்டு கொண்டா. இல்லாட்டி செத்துட்டார்னு சத்தியக் கடுதாசி கொண்டா. ரெண்டும் இல்லாம பெரிய துவான்கிட்ட நான் என்னத்தக் காட்டுறது?"

அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். எழுதத் தெரியாது. அப்பா இறந்துவிட்டதாக நானே கடுதாசியை எழுதி மைப்பெட்டியை நீட்டினேன்.

"கழுத்துல தாலிய வச்சிக்கிட்டு இதுல கைநாட்டு வைக்கவா?"

"பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"ஒனக்குக் காலேஜு வேணும். அதுக்கு நான் அவரக் கொல்லணுமா?"

அம்மா மைப்பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

வெள்ளி மாலை துக்காங் எமாஸ் தெரு விநாயகர் கோயிலுக்குப் போனோம். கடுதாசி என் பையில் இருந்தது. அம்மா மனம் மாறவேண்டும் என்று வேண்டினேன். அப்பா செத்துவிட்டார் என்று அம்மா சொல்லத்தான் கேட்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அழுதேன்.

குருக்கள் பெயர் கேட்டார். அம்மா வெள்ளிதோறும் சொல்லும் அப்பாவின் பெயரையே சொன்னார். "சின்னக்கண்ணு, கேட்டை நட்சத்திரம்." உயிரோடு இருப்பவர்கள் பெயரில்தான் நாங்கள் அர்ச்சனை செய்வோம்.

பின்னால் தேங்காய்த் தட்டோடு நின்றவர் கேட்டார். "எந்தச் சின்னக்கண்ணும்மா? புக்கிட் ரம்பாய்ல லாரி ஓட்டினாரே, அவரா?"

"அவரேதான்" என்று அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

அவர் தெங்கேராவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அப்பாவோடு ஒரே ரயிலில் சயாமுக்குப் போனவர். "ரெண்டு மாசம் ஒரே கொட்டாயில படுத்திருந்தோம். அப்புறம் அவர மட்டும் உள்காட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. இருக்கார்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்ச மட்டும் எழுதிக் குடுப்பீங்களாண்ணே?" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து என் கடுதாசியை அடுப்பில் போட்டேன். அப்பாவைக் கொண்டுபோனது முதல் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதினேன். அம்மா கேட்காமலே கைநாட்டு வைத்தார். திங்கள் காலை சைக்கிள் கடைக்காரர் கிராணி முன் சாட்சிக் கையெழுத்திட்டார். பெரிய துவான், அந்த அலுவலகத்தின் மேலதிகாரி, படித்துவிட்டு, அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று அப்பாவின் சம்பளக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். ஐந்து வாரத்தில் உதவித்தொகை வந்தது.

நான் வேண்டியதை விநாயகர் தரவில்லை. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆசிரியையாகிவிட்டேன். சந்நிதியில் நின்று இன்னொருவர் மனம் மாறவேண்டும் என்று பிறகு கேட்டதில்லை. நெருக்கடியில் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லி விநாயகர் முன் நின்று பாருங்கள்.

உதவித்தொகைக் கடிதம் வந்த வாரமும் அம்மா வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குப் போனார். சின்னக்கண்ணு, கேட்டை நட்சத்திரம் என்று சொன்னார்.