அணைக்குக் கீழே யாருமில்லை

வெர்லீன் பிக்கர்ட் பிறந்ததும் வாழ்ந்ததும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வடக்கு மேட்டில், அந்த மண் அணையை ஒட்டிய வீட்டில்தான். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்று அவள் அப்பா ஓடையை மறித்துப் போட்ட கரை அது. மாடுகள் போன பிறகு கரைக்குள் தேங்கிய குளத்தில் கெளுத்தி மீன் வளர்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் கோழி பொரித்தும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடியும், இரண்டு கணவர்களைப் புதைத்தும் அறுபதைத் தாண்டியவள். வாய் மட்டும் ஓயாது.

அரசாங்கத்தின் கணக்கு விசித்திரமானது. கரை எவ்வளவு உறுதி என்று பார்த்து அணையைத் தரம் பிரிப்பதில்லை. உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்று பார்த்துத்தான். யாருமில்லையென்றால் குறைந்த ஆபத்து. ஒரே ஒருவர் குடியிருந்தாலும் அதிக ஆபத்து. அப்படியானால் பொறியாளரை வைத்து, மிகைநீர் வழியும் கலிங்கை அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் குளத்தை வடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளத்தில் நடக்கிற காரியமா அது?

அந்த ஒரே ஒருவன் அவள் தம்பி டூயி. மரம் அறுக்கும் ஆலையில் முதுகைக் கெடுத்துக்கொண்டு, மனைவியும் விட்டுப்போய், சக்கர வீட்டோடு வந்து நின்றவனை அணைக்குக் கீழே ஓடையோரம் இருக்கச் சொன்னது அவள்தான். சமதளமும் மின்கம்பமும் அங்கேதான் இருந்தன. அணையைப் பார்க்க அரசாங்க ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் வீட்டை டிராக்டரில் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போவார்கள்.

"அக்கா, விருந்தாளி வந்தா எல்லாரும் வீட்டைப் பெருக்குவாங்க. நீ வீட்டையே ஒளிச்சு வைக்கிற!"

"பேசாம ஓட்டுடா. குளம் போச்சுன்னா வெள்ளிக்கிழமை மீனுக்கு எங்க போவ?"

ஆய்வுக்கு வந்த இளைஞன் கரையில் நடந்தபடி கேட்டான். "கீழ யாராவது குடியிருக்காங்களாம்மா?"

"பாம்பும் ஆமையும் இருக்கு தம்பி. மனுஷங்க யாருமில்ல."

அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த வசந்தத்தில் மழை விடாமல் கொட்டியது. அணைகளுக்குக் கீழே இருப்பவர்களையெல்லாம் வெளியேறச் சொல்லித் தீயணைப்புக்காரர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்த வெர்லீனுக்கு ஓடைச் சாலை மூழ்கிய செய்தி வந்தது. டூயியின் தொலைபேசி அடிக்கவே இல்லை. ஏப்ரனோடு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினாள்.

"என் தம்பி என் அணைக்குக் கீழ இருக்கான்!"

"பட்டியல்ல அங்க யாருமில்லன்னுதானேம்மா இருக்கு? படகு ரெண்டும் ஆளுங்க இருக்கிற பக்கம் போயிருக்கு."

"இருக்கான்யா! இல்லேன்னு சொன்னது நான். பொய் சொன்னேன். என்னை அப்புறமா திட்டு, படகைத் திருப்பு!"

திருப்பினார்கள். அதற்குள் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. சக்கர வீடு பாலத்தடியில் மரங்களோடு சிக்கிக் கிடந்தது. டூயி உள்ளே இருந்தான், ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியபடி. கொஞ்சம் முன்னால் யாராவது கதவைத் தட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

பாதிக் கரை மிஞ்சியது. அதைப் பார்க்க அதே இளைஞன் வந்தான். வருத்தம் சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கேட்டாக வேண்டியதைக் கேட்டான்.

"கீழ யாராவது குடியிருக்காங்களாம்மா?"

வெர்லீன் ஓடையைப் பார்த்துச் சொன்னாள்.

"யாருமில்ல தம்பி. இப்ப நெசமாவே யாருமில்ல."